ஆழத் தூர்வாரு, தாழ அணை கட்டு: சிச்சுவானில் ஆறு நாள்

நாள் 1 – செங்டு, நவம்பர் 6

செங்டு, சீனாவின் சிச்சுவான் மாகாணத்துத் தலைநகர். விடுதி அறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது வெந்நீர் ஃபிளாஸ்க். பக்கத்தில் மூடி போட்ட இரண்டு கோப்பைகள். சிங்கப்பூரில் விமானம் மாறி வந்த அலுப்பு, தொண்டை வறண்டு கிடந்தது. கீழே இறங்கி ஐஸ் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டேன். வரவேற்பில் இருந்த பெண் கைப்பேசியில் மொழிபெயர்த்துக் காட்டினார்: “நாளை லிதோங். சூடாகக் குடியுங்கள்.”

லிதோங் என்றால் குளிர்காலத் தொடக்கம். சூரியன் போகும் பாதையை வைத்துச் சீனர்கள் ஒரு வருடத்தை 24 துண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய பதினைந்து நாள். நமக்கு ஆடிப் பட்டம், தைப் பட்டம் போல. விதைக்க ஒரு நாள், அறுக்க ஒரு நாள், உடம்பு தன் போக்கை மாற்றிக்கொள்ள ஒரு நாள். நான் வந்து இறங்கியது சரியாக அப்படி ஒரு வாசற்படியில்.

எதற்காக வந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குச் சொந்த ஊர் திருவையாற்றுக்குப் பக்கம். சென்னையில் பதினோரு வருடமாக அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கிறேன். இரவு ஏழுக்கு லாகின், விடிகாலை நாலுக்குச் சாப்பாடு, ஏழு மணிக்குத் தூக்கம். மூன்று வருடமாக வயிறு சரியில்லை, தூக்கமும் துண்டு துண்டு. எண்டோஸ்கோபி எடுத்தாயிற்று, மாத்திரையும் சாப்பிட்டாயிற்று. “பழக்கத்தை மாத்துங்க” என்று டாக்டர் சொன்னதை மட்டும் செய்யவில்லை. கைப்பேசியைத் திறந்தால், இயற்கையின் போக்கோடு ஒத்து வாழச் சொல்லும் பழைய சீன வழியான தாவோவின் ரகசியம், சீன மூலிகை ரகசியம் என்று ஒரு நிமிட வீடியோக்கள். உள்ளங்காலில் ஓர் இடத்தை அழுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். இரண்டாயிரம் வருடம் வாழ்ந்த மரபு ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. அது வேர்விட்ட மண்ணிலேயே போய்ப் பார்ப்போம் என்று கிளம்பிவிட்டேன்.

ஏன் சிச்சுவான்? தாவோ வழி ஓர் அமைப்பாக, சமயமாகத் திரண்டது இந்தப் பக்கத்து மலைகளில்தான். மருந்துச் சரக்குக்கும் இதுதான் பேர்போன மாகாணம். சுவான்ஷியோங், சுவான்பெய்மு என்று ‘சுவான்’ சேர்ந்து வரும் மருந்துகளில் அந்தச் ‘சுவான்’ சிச்சுவானைக் குறிப்பது.

வெந்நீரையே குடித்துவிட்டுப் படுக்கிறேன். தொண்டைக்கு இதமாகத்தான் இருக்கிறது.

நாள் 2 – செங்டு, நவம்பர் 7

காலை ஏழு மணிக்கு மக்கள் பூங்கா. சாம்பல் நிற வானம். செங்டுவில் வெயில் அபூர்வம். இந்தப் பக்கத்து நாய்கள் சூரியனைக் கண்டால் குரைக்கும் என்று சீனத்தில் ஒரு பழமொழியே உண்டு. மரங்களுக்கு அடியில் ஐம்பது அறுபது பேர், பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள், மெல்லக் கைகளை உயர்த்தி இறக்கிக்கொண்டிருந்தார்கள். பாதுவான்ஜின். எட்டுத் துண்டுப் பட்டு என்று பொருள். சோங் அரச வம்சத்தின் காலத்திலிருந்தே (கி.பி. 960–1279) எழுத்தில் இருக்கும் பயிற்சி. இரு கைகளால் வானத்தைத் தாங்குவது முதல் அசைவு, வில்லை வளைப்பது இரண்டாவது. கடைசி அசைவில் குதிகாலைத் தூக்கித் தரையில் தட்ட வேண்டும், ஏழு தடவை.

பின்வரிசையில் போய் நின்றேன். வானத்தைத் தாங்கும்போது என் தோள் காதுவரை ஏறிவிட்டது போல. பக்கத்தில் இருந்த பாட்டி வந்து இரண்டு தோளையும் அழுத்தி இறக்கிவிட்டு, “ஃபாங்சோங்” என்றார். தளர விடு. அன்றைக்கு மட்டும் என்னிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். எனக்காக இரண்டு நாளைக்கு வழிகாட்டியாக வந்திருக்கும் கல்லூரி மாணவி அவரை “ஆயி” என்று கூப்பிட்டாள். வயதில் மூத்த பெண்களை இங்கே எல்லாரும் அப்படித்தான் அழைக்கிறார்களாம். எங்கள் ஊரில் அப்பாவின் அம்மாவை நாங்கள் கூப்பிட்ட சொல். சட்டென்று கண் கலங்கிவிட்டது.

ஹான் அரச வம்சத்தின் கடைசியில், கி.பி. 200 வாக்கில், ஹுவா தோ என்று ஒரு பெரிய மருத்துவர் இருந்தார். புலி, மான், கரடி, குரங்கு, பறவை ஆகிய ஐந்தின் அசைவுகளை வைத்து ஒரு பயிற்சியைத் தன் மாணவருக்குக் கற்றுக்கொடுத்தார். அசைந்துகொண்டே இருப்பதால்தான் கதவுக் குடுமி உளுத்துப்போவதில்லை, உடம்பும் அப்படித்தான் என்பது அவர் சொன்ன காரணம். வியர்த்துக் கொட்டும்வரை செய்யச் சொல்லவில்லை; லேசாக வியர்த்தால் போதும். ஜிம்மில் சேர்ந்து மூன்றாம் நாள் முதுகு பிடித்துக்கொண்ட எனக்கு இந்த அளவு பிடித்திருந்தது.

அப்புறம் பூங்காவுக்குள்ளேயே இருக்கும் ஹெமிங் டீக்கடை. மூங்கில் நாற்காலி, மூடியும் தட்டும் வைத்த கோப்பை. மூடி வானம், தட்டு பூமி, நடுவில் இருக்கும் கோப்பை மனிதன் என்று மாணவி சொன்னாள். தண்ணீர் தீரத் தீர ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை.

அங்கே வைத்து அவள் சொன்னதுதான் இன்றைய நாளின் சாரம். சீன மருத்துவத்தின் மூல நூலான ஹுவாங்தி நெய்ஜிங் சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் தொகுக்கப்பட்டது. அதன் தொடக்கத்தில் பழங்கதை அரசரான மஞ்சள் பேரரசர் தன் மருத்துவரிடம் ஒரு கேள்வி கேட்கிறார். பழைய காலத்தில் மக்கள் நூறு வயதிலும் தளராமல் இருந்தார்களாமே, இப்போதெல்லாம் ஐம்பதிலேயே தளர்ந்துவிடுகிறார்களே. காலம் மாறிவிட்டதா, மனிதர்கள் தவறவிட்டார்களா? மருத்துவர் சி போ சொல்கிறார்: அவர்கள் அளவாக உண்டார்கள், நேரத்துக்குத் தூங்கி நேரத்துக்கு எழுந்தார்கள், உடம்பைக் கண்டபடி வருத்தவில்லை. இன்றைக்கு இருப்பவர்கள் மதுவைத் தண்ணீர் போலக் குடிக்கிறார்கள், எழுவதற்கும் படுப்பதற்கும் ஒழுங்கு இல்லை.

எனக்குத் திடுக்கென்றது. இது மின்விளக்கு வந்த பிறகு எழுந்த குறை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அதே நூலின் அடுத்த அத்தியாயத்தில் பருவ ஒழுங்கு வருகிறது. வசந்தத்திலும் கோடையிலும் தாமதமாகப் படுத்துச் சீக்கிரம் எழு. இலையுதிர் காலத்தில் கோழியோடு படு, கோழியோடு எழு. குளிர்காலத்தில் சீக்கிரம் படு, வெயில் வரும்வரை காத்திருந்து எழு. எல்லா மாதத்துக்கும் ஒரே அட்டவணை கிடையாது. நோய் வந்த பிறகு மருந்து கொடுப்பது தாகம் எடுத்த பிறகு கிணறு தோண்டுவது போல என்ற உவமையும் அங்கேயே இருக்கிறது.

சாயங்காலம் சிங்யாங் கோயில். தாவோ வழியின் மூலவராகக் கருதப்படும் லாவோட்சுவோடு சேர்த்துப் பேசப்படும் கோயில் இது. மண்டபத்துக்கு முன்னால் இரண்டு வெண்கல ஆடுகள். அதில் ஒற்றைக் கொம்பு ஆட்டுக்கு எலிக்காது, மாட்டு மூக்கு, புலி நகம், பாம்பு வால் என்று பன்னிரண்டு ராசி மிருகங்களின் உறுப்பும் இருக்கிறது. யாருக்கு எங்கே நோகிறதோ ஆட்டின் அந்த இடத்தைத் தடவிக்கொள்கிறார்கள். கை பட்டுப் பட்டு ஆடு முழுக்கப் பளபளக்கிறது. நானும் வயிற்றைத் தொட்டேன். நம்பிக்கை என்று சொல்ல மாட்டேன். இத்தனை பேர் தங்கள் வலியோடு வந்து தொட்ட இடத்தில் கை வைக்க வேண்டும் போல இருந்தது.

நாள் 3 – துஜியாங்யென், நவம்பர் 8

இன்று எழுத நிறைய இருக்கிறது. மருத்துவம் தேடி வந்தவன் ஓர் ஆற்றைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

செங்டுவிலிருந்து ரயிலில் சிறிது நேரம்தான். மலையிலிருந்து ‘மின்’ என்ற ஆறு சமவெளியில் இறங்கும் இடம் இது. கி.மு. 256 வாக்கில் சின் அரசின் ஆளுநராக இருந்த லீ பிங் இங்கே நீர்ப்பாசன வேலையைத் தொடங்கினார். ஆற்றை மறித்து ஓர் அணை கட்டியிருக்கலாம். அவர் மறிக்கவே இல்லை. ஆற்றின் நடுவில் மீன் வாய் வடிவத்தில் ஒரு கரையை நீட்டி, தண்ணீரை இரண்டாகப் பிரித்தார். உள்ளாறு ஆழம், குறுகல். வெளியாறு அகலம், ஆழம் குறைவு. தண்ணீர் குறைந்த காலத்தில் பத்தில் ஆறு பங்கு ஆழமான உள்ளாற்று வழியே வயலுக்குப் போகும், நாலு பங்கு வெளியே. வெள்ளம் வந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகும்: அகலமான வெளியாறு ஆறு பங்கை இழுத்துக்கொண்டு போய்விடும். லீ பிங்கின் அமைப்பில் கதவும் இல்லை, ஆளும் தேவையில்லை. தண்ணீரின் குணமே வேலையைச் செய்கிறது.

தாவோக்காரர்கள் ‘வூவெய்’ என்று ஒன்றைச் சொல்வார்கள். செயலற்றிருத்தல் என்று மொழிபெயர்த்துப் படித்தபோது எனக்குப் பிடிபடவே இல்லை. சோம்பேறித்தனத்துக்குச் சாக்கு போல இருந்தது. மீன் வாய்க்கு முன்னால் நின்றபோது புரிந்தது. மலையைக் குடைந்து வாய்க்கால் வெட்ட எத்தனை உழைப்பு! வெடிமருந்து இல்லாத காலம். பாறையை நெருப்பு மூட்டிச் சூடாக்கி, தண்ணீர் ஊற்றிப் பிளந்தார்கள் என்பார்கள். உழைப்பில் குறை வைக்கவில்லை. ஆற்றோடு சண்டை போடுவதை மட்டும் தவிர்த்திருக்கிறார்கள்.

அடுத்தது ‘பறக்கும் மணல்’ கலிங்கு. உள்ளாற்றில் மிகுதியாக வரும் தண்ணீர், வளைவில் சுழன்று, மணலையும் கல்லையும் அடித்துக்கொண்டு இந்தத் தாழ்ந்த கலிங்கின் மேலாக வெளியாற்றுக்குப் போய் விழுகிறது. இன்னும் கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்று கலிங்கை உயர்த்தினால் தண்ணீரோடு மணலும் உள்ளேயே தங்கிவிடும். அதற்காகத்தான் இங்கே ஆறே சீன எழுத்தில் ஒரு விதியைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்: ஆழத் தூர்வாரு, தாழ அணை கட்டு.

எவ்வளவு ஆழம்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். ஆற்றுப் படுகைக்கு அடியில் நீளமான இரும்புத் தண்டுகளைப் படுக்கப் போட்டுப் புதைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் தண்ணீர் குறைந்ததும் ஆற்றைத் திருப்பிவிட்டுத் தூர்வாருவார்கள். மண்வெட்டி அந்த இரும்பில் தட்டும்வரை தோண்ட வேண்டும். தட்டியதும் நிறுத்திவிட வேண்டும்.

கல்லணைக்குப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு இதைப் பார்த்துவிட்டுச் சும்மா வர முடியுமா! அதுவும் தேக்குவதற்காகக் கட்டியது இல்லை, பிரித்துவிடுவதற்காகக் கட்டியது. என் தாத்தா குடிமராமத்து பற்றிப் பேசுவார். கோடையில் வாய்க்கால் தூர்வார வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போக வேண்டும். ஊர் அந்த வழக்கத்தைக் கைவிட்டதும் எங்கள் வாய்க்கால் காட்டாமணக்கு மண்டித் தூர்ந்துபோனது. இரண்டாயிரத்து இருநூறு வருடமாக இந்த ஆறு ஓடுவதற்கு லீ பிங்கின் அறிவு ஒரு காரணம் என்றால், வருடா வருடம் இறங்கித் தோண்டிய ஊர்க்காரர்கள் இன்னொரு காரணம். 2008 மே 12 நிலநடுக்கத்தில் மேலே இருக்கும் லீ பிங் கோயில் பெரிய சேதம் அடைந்தது. மீன் வாயில் விரிசல் விட்டது. ஆனால் தண்ணீர் போய்க்கொண்டுதான் இருந்தது.

தொங்குபாலத்தில் நடக்கும்போது மாணவி சொன்னாள்: “தாகே, எங்கள் மருத்துவத்தில் ஒரு வார்த்தை விளையாட்டு இருக்கிறது.” தாகே என்றால் அண்ணன். “ஓட்டம் இருந்தால் ‘தோங்’. வலி என்றாலும் ‘தோங்’. சுருதி மட்டும்தான் வேறு. ஓட்டம் இருந்தால் வலி இல்லை, வலி இருந்தால் ஓட்டம் இல்லை.” அவர்கள் உடம்பை வாய்க்கால்களாகப் பார்த்தது ஏன் என்று எனக்கு இங்கேதான் பிடிபட்டது. உயிராற்றல் என்று அவர்கள் சொல்லும் ‘ச்சி’ ஓடும் பன்னிரண்டு பாதைகளை ஆறுகளின் பெயரோடு இணைத்துப் பேசும் பகுதிகூட நெய்ஜிங்கில் உண்டு. ச்சியை எந்தக் கருவியும் அளந்ததில்லை, தெரியும். ஆனால் தூர்ந்துபோன வாய்க்கால் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

நாள் 4 – சிங்செங் மலை, நவம்பர் 9

மழைத்தூறல். மாணவிக்குத் தேர்வு இருப்பதால் திரும்பிப் போய்விட்டாள். தனியாக ஏறினேன். மலை முழுக்கப் பாசி பிடித்த படிகள், ஈரமான தேவதாரு வாசனை. வானத்துக்குக் கீழே மிக அமைதியான மலை என்பது இதற்குப் பெயர். சத்தம் என்று பார்த்தால் தண்ணீர் சொட்டுவது மட்டும்தான்.

கி.பி. 142இல் ஜாங் தாவ்லிங் என்பவர் பக்கத்துக் கொக்கு மலையில் லாவோட்சுவின் அருள் தனக்குக் கிடைத்ததாக அறிவித்தார். அதிலிருந்து வளர்ந்த இயக்கத்துக்கு ‘ஐந்து மரக்கால் அரிசி வழி’ என்று பேர் வந்தது. சேருகிறவர்கள் கொடுத்த அரிசியின் அளவு அது. அவர்கள் நோய்க்கு வைத்தியம் செய்த விதம் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. நோயாளியை அமைதியான அறையில் உட்காரவைத்து, தான் செய்த தவறுகளை நினைத்துப் பார்க்கச் சொல்வார்கள். பிறகு அதை மூன்று படி எழுதி, ஒன்றை வானத்துக்காக மலைமேல் வைத்து, ஒன்றை மண்ணில் புதைத்து, ஒன்றைத் தண்ணீரில் விடுவார்கள்.

ஜாங் வாழ்ந்ததாகச் சொல்லும் குகைக்கோயிலில் அவர் கையால் நட்டதாகக் கருதும் கிங்கோ மரம் நிற்கிறது. இலை பாதி மஞ்சள். உச்சிக்கொண்டை போட்ட துறவி ஒருவர், நீல அங்கி, கணுக்காலில் வெள்ளைத் துணி, வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். இலை விழ விழப் பெருக்கினார். அவசரமே இல்லை.

இந்த மரபில் எனக்கு உடன்பாடில்லாத பக்கமும் உண்டு. சாகாமல் இருக்க வேண்டும் என்று தாவோ ரசவாதிகள் பாதரசத்தையும், பாதரசம் கலந்த சிவப்புக் கனிமமான சாதிலிங்கத்தையும் காய்ச்சிக் குளிகை செய்தார்கள். தாங் பேரரசர் வூசோங் 846லும் சுவான்சோங் 859லும் இந்தக் குளிகைகளைத் தின்று இறந்தார்கள். அந்த அடுப்பிலிருந்துதான் வெடிமருந்தும் பிறந்தது. சீனத்தில் இன்றும் அதற்குப் பேர் ‘நெருப்பு மருந்து’. பழனியில் போகரை நினைக்காமல் இதைப் படிக்க முடியாது. அவர் சீனத்திலிருந்து வந்தவர் என்றும் சீனம் போய் வந்தவர் என்றும் நம் மரபில் இரண்டு விதமாகச் சொல்வார்கள். இரசமும் பாஷாணமும் இரண்டு பக்கத்திலும் புழங்கியிருக்கின்றன.

பின்னால் வந்தவர்கள் அடுப்பை உடம்புக்குள் மாற்றிக்கொண்டார்கள். மூச்சே நெருப்பு, வயிறே பாத்திரம். தொப்புளுக்குக் கீழே மனத்தை நிறுத்தும் இடத்துக்கு ‘தான்தியென்’ என்று பெயர். சாதிலிங்க வயல் என்று அர்த்தம். நஞ்சை விட்டுவிட்டுப் பேரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மலைமேல் விடுதியில் தங்கியிருக்கிறேன். இங்கத்து ஊறுகாய், டோஃபு, சோறு. ஏழரைக்கே ஊர் அடங்கிவிட்டது. ஒன்பதரைக்குத் தூக்கம் வருகிறது. நம்ப முடியவில்லை.

நாள் 5 – செங்டு, நவம்பர் 10

ஹெஹுவாச்சி மருந்துச் சந்தை. கும்பகோணத்து நாட்டு மருந்துக் கடை ஒன்றை ஆயிரத்தால் பெருக்கினால் வரும் வாசனை. அதிமதுரம், சுக்கு, பட்டை, கடுக்காய் என்று கண்டதும் தெரிந்தவையே நிறைய. திப்பிலிக்கு இங்கே ‘பிபோ’ என்று பெயர். பிப்பலி என்ற வடமொழிப் பெயர் கடல் கடந்தும் மலை கடந்தும் வந்து இப்படி ஆகியிருக்கிறது. சிச்சுவானின் ஜியாங்யோவில் விளையும் ‘ஃபூசு’வும் மூட்டை மூட்டையாக இருந்தது; நம் வச்சநாபியின் சொந்தக்காரச் செடி. கடும் விஷம். பக்குவம் செய்து, நெடுநேரம் கொதிக்கவைத்த பிறகுதான் மருந்து.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘மூலிகைதானே, கெடுதல் செய்யாது’ என்று நினைக்காதீர்கள். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கக் கொடுத்த மருந்தில், பெயர் ஒத்திருந்ததால் ஒரு சீன வேருக்குப் பதில் வேறொரு வேர் கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் போனது. அந்த வேரில் இருந்தது அரிஸ்டோலோக்கிக் அமிலம். நம் ஆடுதீண்டாப்பாளையும் ஈசுரமூலியும் அதே இனம். என் சித்தி மூட்டுவலிக்கென்று பெயர் ஒட்டாத பொட்டலத்தில் பொடி வாங்கிச் சாப்பிட்டு, கிரியாட்டினின் ஏறி, ஆறு மாதம் ஆஸ்பத்திரிக்கு அலைந்தார். அதனால் கேட்கிறேன். பெயர் தெரியாத பொடி எதையும் வாயில் போடாதீர்கள்.

மரபைத் தூக்கி எறியவும் சொல்ல மாட்டேன். நாலாம் நூற்றாண்டில் கெ ஹோங் என்ற தாவோ அறிஞர், மலேரியா போன்ற முறைக்காய்ச்சலுக்கு ஒரு கைப்பிடி சிங்ஹாவ் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்று எழுதினார். நம் காலத்துச் சீன விஞ்ஞானி தூ யோயோ அதைப் படித்தபோது, காய்ச்சச் சொல்லாமல் பிழியச் சொல்கிறாரே என்று யோசித்தார். சூட்டில் சத்து கெடுகிறதோ என்று 1971இல் ஈதர் என்ற திரவத்தைக் கொண்டு குறைந்த சூட்டில் பிரித்தெடுத்தார். மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினின் அப்படிக் கிடைத்தது, 2015இல் நோபலும் வந்தது. ஒரு வரியை மதித்துப் படித்தார், அதைச் சோதித்தும் பார்த்தார். எனக்கு அவர் மேல் இருக்கும் மரியாதை அந்த இரண்டுக்கும் சேர்த்துத்தான்.

நான் வாங்கியது கொஞ்சம் உலர்ந்த ஆரஞ்சுத் தோல் மட்டும்.

நாள் 6 – செங்டு, நவம்பர் 11

இன்று ஒரு சீன மருத்துவரைப் பார்த்தேன். அறுபது வயது இருக்கும். மணிக்கட்டை ஒரு சின்னத் தலையணையில் வைக்கச் சொல்லி மூன்று விரலை வைத்தார். நம் சித்த வைத்தியரும் மூன்று விரல்தான் வைப்பார், வாதம் பித்தம் கபம் என்று. இவர் இடது கையில் இதயம், கல்லீரல், சிறுநீரகம் என்றும் வலது கையில் நுரையீரல், மண்ணீரல், சிறுநீரகம் என்றும் பார்க்கிறார். விரலை எடுக்க நெடுநேரம் ஆனது. நாக்கை நீட்டச் சொன்னார். ஓரத்தில் பல்லின் தடம் இருக்கிறது, ஈரம் தேங்கியிருக்கிறது என்றார்.

“சாப்பிடும்போது என்ன செய்வீர்கள்?”

லேப்டாப் பார்ப்பேன் என்றேன். மொழிபெயர்ப்புக் கருவி அதைச் சொல்லி முடித்ததும் தலையாட்டினார். நெய்ஜிங் கணக்கில் கோபம் கல்லீரலைத் தாக்கும், அச்சம் சிறுநீரகத்தை, ஓயாத யோசனை மண்ணீரலை. இவர்கள் ‘மண்ணீரல்’ என்று சொல்வது நம் பாடப்புத்தகத்து உறுப்பு இல்லை. செரித்துப் பகிர்ந்து அனுப்பும் வேலை முழுவதற்கும் அதுதான் பேர்.

மருந்து எழுதுவார் என்று காத்திருந்தேன். பதினைந்து நாளைக்கு மருந்து வேண்டாம் என்றார். இரவு பதினொன்றுக்கு முன் படுக்க வேண்டும். காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள், அவர்கள் கணக்கில் வயிற்றுக்கு உரிய வேளையில், சூடாக எதையாவது சாப்பிட வேண்டும். வயிறு ஏழு பங்கு நிறைந்ததும் எழுந்துவிட வேண்டும். இஞ்சியைக் காலையில் சேர்க்கலாம், ராத்திரியில் கூடாது. படுக்கும் முன் கால்களைச் சுடுநீரில் வைக்க வேண்டும். ஊரில் பார்த்த டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது என்பதையும் அழுத்திச் சொன்னார்.

காலையில் இஞ்சி, கடும்பகல் சுக்கு, மாலையில் கடுக்காய் என்று ஆயி எனக்குச் சின்ன வயதில் சொன்னதை அவருக்கு மொழிபெயர்த்துக் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். கடுக்காயின் சீனப் பெயரைக் கேட்டுத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார்.

நாளைக் காலை விமானம். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் தொட்டியில் சுடுநீர் ஊற்றி, காலை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். பகல் ஷிஃப்டுக்கு மாற்றித் தரும்படி மேலாளருக்கு எழுதிய மடல் மூன்று மாதமாக டிராஃப்டில் கிடந்தது. சம்பளம் குறையும். வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தோம், சமாளிக்கலாம். கொஞ்சம் முன்னால் அதை அனுப்பிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை.

தண்ணீர் ஆறிவிட்டது. மணி பத்து ஐம்பது.